விமானம் மாறும் ஊர்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அப்பாவும் தினமும் சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? போன மாதம் போனில் பேசினோம். பேசினோம் என்றால் நீ பேசினாய், நாங்கள் 'ம்' கொட்டினோம், அதற்குள் காசு தீர்ந்துவிட்டது என்று வைத்துவிட்டாய். உன் நம்பர் இருந்தால் நாங்களே கூப்பிடுவோம். கேட்டால், "ரூம் மாறிட்டே இருக்கேன்க்கா" என்கிறாய். எலிகூட இத்தனை வளை மாறாது.

வாதம் வந்த பிறகு அப்பாவுக்கு இடது கையும் காலும் இன்னும் முழுசாக வரவில்லை. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட வேண்டும். குளிக்கவும் ஆள் வேண்டும். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. டிப்போவில் டைம் கீப்பராக இருந்த புத்தி இன்னும் போகவில்லை. கண்ணாடிக் கடையிலிருந்து நான் கொஞ்சம் தாமதமாக வந்தால் போதும், வாசலில் கடிகாரத்தோடு நிற்கிறார். "ஏம்மா, வண்டி பஞ்சரா?" என்று கேட்கிறார். பஸ்ஸெல்லாம் அவரை விட்டுப் போய்விட்டன, மிச்சம் இருக்கிற ஒரே வண்டி நான்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது. முப்பத்தொன்பது வயதில் இவளுக்கு என்ன வந்தது என்று சிரிக்காதே. எங்கள் கடையின் கணக்கரைப் பற்றி உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன். கடைக்காரர் வேறு ஊரில் இன்னொரு கடை திறக்கிறார். ஏப்ரல் கடைசியில் கணக்கர் அங்கே போகிறார். நான் லென்ஸ் உரசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "நீங்களும் வர்றீங்களா? கல்யாணம் பண்ணிக்கிட்டே போயிடலாம்" என்றார். மெஷின் சத்தத்தில் கேட்காத மாதிரி இன்னொரு தடவை சொல்லவைத்தேன். முதல் தடவையே நன்றாகக் கேட்டது.

அவர் வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் அவருடைய அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார். அப்பாவை வருடம் முழுக்க அங்கே வைத்துக்கொள்ள முடியாது. ஆறு மாதம் நீ வைத்துக்கொண்டால் மீதி ஆறு மாதத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்கிறார். நியாயமாகத்தான் படுகிறது. இத்தனை வருடத்தில் உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

உன் அக்கா

பி.கு: நீ கூப்பிடுவாய் என்று அப்பா பாஸ்போர்ட் எடுத்து இரண்டு வருடமாகிறது. படத்தில் திருடன் மாதிரி இருக்கிறார். அதைச் சொன்னால் கோபம் வருகிறது.


பிப்ரவரி 22

என் பிரியமான அக்காவுக்கு,

உன் கடிதம் படித்துக் கண் கலங்கிவிட்டது. கணக்கரை அத்தான் என்று கூப்பிட நான் இப்போதே தயார். உனக்கு ஒரு நல்லது நடக்க வேண்டும் என்று நான் வேண்டாத நாளில்லை.

ஆனால் அக்கா, நீ தூரத்தை யோசித்துப் பார்த்தாயா? முதல் விமானம் ஒன்றுமில்லை. ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர், ஒரு மணி ஐம்பது நிமிடம். கண்ணை மூடித் திறப்பதற்குள் விமானம் மாறும் ஊர் வந்துவிடும். அங்கே ஐந்து மணி நேரம் இரும்பு நாற்காலியில் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இருக்கிறது சங்கதி. ஒன்பதாயிரம் கிலோமீட்டர், பதினோரு மணி நேரத்துக்கு மேல். காலை நீட்டக்கூட இடம் கிடையாது. ஆக மொத்தம் பதினெட்டு மணி நேரம். ஒரு கையும் காலும் சரியில்லாத மனுஷனை அப்படி உட்காரவைத்தால் காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும் என்று டாக்டர்களே சொல்கிறார்கள். ஆசைப்பட்டு அப்பாவைக் கூப்பிட்டு, நடு வானத்தில் ஏதாவது ஆகிவிட்டால் நான் தாங்க மாட்டேன்.

பக்கத்து ஊரில் இருந்தால் நானே வந்து தோளில் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். என்ன செய்வது, பிழைப்பு இவ்வளவு தூரத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டது. கணக்கர் நல்லவர்தானே, ஒரு வருடம் காத்திருக்கச் சொல்லேன். அப்பாவுக்கு என் முத்தம்.

உன் தம்பி


மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டியது என் தப்பு. "பதினெட்டு மணி நேரமா? பஸ்ல நான் உக்காராததா? இதெல்லாம் பிஸ்கோத்து" என்று சொன்னவர், மறுநாளே ஆரம்பித்துவிட்டார்.

என்னவென்று கேட்கிறாயா? உட்காரப் பழகுகிறார். கூடத்து மர நாற்காலியைச் சுவரோரம் போட்டு, முழங்கால் இடிக்கிற மாதிரி முன்னால் ஒரு ஸ்டூலை வைத்திருக்கிறார். பழைய பேன்ட் பெல்ட்டால் இடுப்பைக் கட்டிக்கொள்கிறார். ஒரு மணி ஐம்பது நிமிடம் முதல் விமானம். பிறகு பெல்ட்டை அவிழ்த்து, ஐந்து மணி நேரம் வாசல் பெஞ்சில் உட்காருகிறார். அது விமானம் மாறும் ஊராம். அப்புறம் மறுபடி நாற்காலி. நான்தான் விமானப் பணிப்பெண். தட்டில் சாப்பாடு கொண்டுபோய் வைத்தால், "காபியா டீயான்னு கேளு" என்கிறார். கீழ் வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "பெரியவருக்கு ஏதாவது ஆயிடுச்சா?" என்று என் காதில் கேட்டாள்.

முதல் நாள் ஆறு மணி நேரம். போன ஞாயிற்றுக்கிழமை பதினான்கு. கால் வீங்கிவிட்டது. எண்ணெய் தேய்த்துவிட்டு, போதும் விடுங்கள் என்றேன். "அவன் பயப்படறான்மா. நான் தாங்குவேன்னு தெரிஞ்சா கூப்பிடுவான்" என்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சமையலறைக்குப் போய்விட்டேன்.

கணக்கர் காத்திருக்க மாட்டார். காத்திருக்கச் சொல்லவும் எனக்கு வாயில்லை. அவருக்கு நாற்பத்தாறு வயது, நோயாளி அம்மாவுக்கு ஒரு துணை வேண்டும். அதை ஒளிக்காமல் சொல்கிறவர் என்பதால்தான் எனக்குப் பிடித்தது. அப்பா தயார், தம்பி. நீ 'சரி' என்று ஒரு வார்த்தை எழுது. நானே கூட வந்து விட்டுவிட்டுத் திரும்புகிறேன்.

உன் அக்கா


மார்ச் 27

அன்பு அக்கா,

அந்த நாற்காலி விளையாட்டை உடனே நிறுத்தச் சொல். போன மாதம் நான் இருக்கிற இடத்துக்கு வந்த ஒரு பெரியவர் பாதி வழியில் மூச்சு நின்று இறந்துபோனார். பக்கத்தில் இருந்தவர்கள் மீதி ஏழு மணி நேரமும் போர்வை போர்த்திய உடம்போடு உட்கார்ந்து வந்தார்களாம். இதை அப்பாவிடமும் வாசித்துக் காட்டு. பயப்படட்டும்.

இங்கே குளிர் எலும்பைத் துளைக்கிறது. ஒரு அறையில் நான்கு பேர் படுக்கிறோம். அவரை எங்கே வைத்துக் குளிப்பாட்டுவேன்? நீ கோபப்பட்டாலும் பரவாயில்லை, முடியாது என்று சொல்வதுதான் அவருக்கு நான் செய்கிற நல்லது.

நீ பொறுமைசாலி. உனக்கு எழுதியிருந்தால் எப்படியும் அமையும்.

தம்பி


மே 1

தம்பிக்கு,

கணக்கர் நேற்றுக் காலை போய்விட்டார். கடையில் எல்லோரும் வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். நான் மெஷினை நிறுத்தவில்லை. அவசரமாகக் கொடுக்க வேண்டிய கண்ணாடி ஒன்று இருந்தது. அவர் உள்ளே வந்து, "வரேங்க" என்றார். "சரிங்க" என்றேன். அவ்வளவுதான்.

செத்த பெரியவரின் கதையை அப்பாவுக்கு வாசித்தேன். பெல்ட்டை அவிழ்த்து ஆணியில் மாட்டினார். ஸ்டூலை அதன் இடத்தில் வைத்தார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "என்னாலதானம்மா உனக்கு இப்படி?" என்று கேட்டார். "இல்லப்பா, தூரத்தாலதான்" என்றேன். உன் மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். தூரத்தின் மேல் யார் கோபப்பட முடியும்?

அக்கா


மே 19

என் தங்கமான அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. நீ கோபித்துக்கொள்வாய் என்று பயந்து கிடந்தேன். அம்மா போன பிறகு எனக்கு அம்மாவாக இருந்தது நீதான், இப்போது அப்பாவுக்கும் அப்படித்தான். எல்லோருக்குமா இந்த மனசு வரும்?

சொல்லப்போனால் இந்த வயதில் புதிதாக ஒரு மாமியாரின் படுக்கையைத் தட்டிப் போடுவதைவிட, பெற்ற அப்பாவோடு நிம்மதியாக இருப்பது உனக்கும் நல்லதுதான். யோசித்துப் பார், நான் சொல்வது சரி என்று படும். உனக்கு ஒரு சால்வை அனுப்புகிறேன். நீல நிறம்.

உன் செல்லத் தம்பி


ஆகஸ்ட் 8

தம்பி,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உன் கையில் கொடுக்கிறவர் பிரிட்ஜ் மெக்கானிக். உனக்கு அவரைத் தெரியும். மே மாதம் உன் வீட்டு பிரிட்ஜில் கம்ப்ரஸர் மாற்றினாரே, அவர்தான். எங்கள் கீழ் வீட்டுக்காரம்மாவின் புது மாப்பிள்ளை. போன மாதம் விடுமுறையில் வந்தார். எங்கள் பிரிட்ஜும் மக்கர் பண்ணியது, மேலே கூப்பிட்டேன். திருப்புளியோடு நிமிர்ந்தவர் அலமாரியில் இருந்த உன் படத்தைப் பார்த்து, "அட, இவரு வீட்டுக்கு நான் போயிருக்கேனே. மூணாவது மாடி. அந்தக்கா எலுமிச்சை ஜூஸ் குடுத்தாங்க" என்றார்.

எந்த ஊரில் என்று கேட்டேன். விமானம் மாறும் ஊரின் பெயரைச் சொன்னார்.

படத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, நன்றாகப் பாருங்கள் என்றேன். புருவத்துத் தழும்பைக்கூடச் சரியாகச் சொன்னார். பிறகு எல்லாவற்றையும் அவர் மூலமாக உன் கம்பெனி ஆட்களிடம் நானே விசாரித்துக்கொண்டேன். மூன்று வருடத்துக்கு முன்பே உன் கம்பெனி உன்னை அங்கே மாற்றிவிட்டது. உன் பழைய அறையில் இருக்கிற சிநேகிதன் எங்கள் கடிதத்தை வாங்கி உனக்கு அனுப்புகிறான், உன் கடிதத்தை வாங்கி எங்களுக்குப் போடுகிறான். எவ்வளவு நல்ல சிநேகிதன்! உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அப்பா அம்மா யாருமில்லாதவன் என்று சொல்லிக் கட்டிக்கொண்டிருக்கிறாய். மெக்கானிக்கிடம் உன் மனைவியே, "பாவம், அவருக்குன்னு யாருமே இல்ல" என்றாளாம். நாற்காலியில் பெல்ட் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் யாரடா?

ஒரு மணி ஐம்பது நிமிடம். நான் பக்கத்து ஊருக்கு லென்ஸ் வாங்க பஸ்ஸில் போய்வருவதே அதைவிட அதிகம். கணக்கர் ஜூன் மாதம் அங்கே ஒரு டீச்சரைக் கட்டிக்கொண்டார். கடைக்குப் பத்திரிகை வந்தது, எல்லோரும் சேர்ந்து ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி அனுப்பினோம். நானும் என் பங்கைக் கொடுத்தேன். உன் சால்வையைக் கீழ் வீட்டு நாய்க்குப் போட்டுவிட்டேன். அதற்குக் குட்டி பிறந்திருக்கிறது, நன்றாகத் தூங்குகிறது.

விடுமுறை முடிந்து திரும்புகிற மெக்கானிக்கோடு அப்பாவையும் அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தை நீ படிக்கும்போது அப்பா உன் வாசலில் நிற்பார். அவருக்கு எதுவும் தெரியாது. நான் சொல்லவில்லை. நீ கூப்பிட்டுவிட்டாய் என்று மட்டும் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். டிக்கெட்டில் விமானம் மாறும் ஊரின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. இரண்டாவது டிக்கெட்டையும் விசாவையும் தம்பி அங்கே கொடுத்து வைத்திருக்கிறான் என்றேன், நம்பினார். நடுவில் இருக்கிற ஐந்து மணி நேரத்துக்கு மெக்கானிக் தனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் உட்காரவைப்பார் என்றேன், அதையும் நம்பினார். உன் ஊரில் இறங்குகிற இடத்திலேயே விசா கொடுக்கிறார்கள். மெக்கானிக்குக்குத்தான் மனசு கேட்கவில்லை. "பெரியவர்கிட்ட சொல்லிடலாமேக்கா" என்று இரண்டு தடவை சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன்.

பதினெட்டு மணி நேரத்துக்குச் சாப்பாடு கட்டியிருக்கிறேன். மூன்று வேளைக்கு மாத்திரை, மாற்றுத் துணி, குளிருக்கு உள்பனியன். எல்லாம் நீ சொன்ன தூரத்துக்குத் தகுந்த மாதிரி. திரும்பி வர டிக்கெட் எடுக்கவில்லை.

பொத்தான் போட்டுவிடு.

அக்கா


ஆகஸ்ட் 30

அக்கா,

இனி ஒளிக்க ஒன்றுமில்லை, என் வீட்டு முகவரியிலிருந்தே எழுதுகிறேன். நீ என்னைத் திட்டு, ஜென்மத்துக்கும் பேசாதே. ஆனால் இதை மட்டும் முழுசாகப் படி.

கதவைத் திறந்தது என் மனைவி. அப்பா அவளிடம், "கொஞ்சம் தண்ணி குடுமா. நாங்க நடுவுல இறங்கினவங்க, சாயங்காலம் கிளம்பிடுவோம்" என்றிருக்கிறார். நான் துண்டோடு குளியலறையிலிருந்து வந்தேன். என்னைப் பார்த்தார். சுவரில் இருந்த எங்கள் கல்யாணப் படத்தைப் பார்த்தார். கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "யாருங்க இவரு?" என்று இவள் கேட்டாள். அக்கா, என் நாக்கு அழுகிப் போகட்டும். "எங்க ஊர்ப் பெரியவர்" என்று சொல்லிவிட்டேன். வாயில் அதுதான் வந்தது. அப்பா தலையை ஆட்டி, "ஆமாம்மா, ஒரே ஊர்தான்" என்றார். மெக்கானிக் உன் கடிதத்தை என் கையில் திணித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து கதவு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பெட்டியைத் திறக்க விடுவதில்லை. ஷூவைக் கழற்றுவதில்லை. காலையில் எழுந்ததும், "அடுத்த விமானம் எத்தனை மணிக்கு தம்பி?" என்று கேட்கிறார். என்னை 'டா' போட்டுக் கூப்பிட்டவர் 'நீங்க' என்கிறார். நான் காலில் விழுந்து அழுதேன். அப்பா, நான்தான், இதுதான் என் வீடு, இனிமேல் விமானம் எதுவும் இல்லை என்றேன். "எழுந்திருங்க தம்பி, யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க" என்கிறார்.

பொறுக்க முடியாமல் என் மனைவியிடம் எல்லா உண்மையையும் சொன்னேன். அவள் நேரே போய் அவர் முன்னால் உட்கார்ந்து, "நீங்க இவரோட அப்பாவா?" என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, "இல்லம்மா. என் பையன் ரொம்பத் தூரத்துல இருக்கான். இங்கேருந்து இன்னும் பதினோரு மணி நேரம் போகணும். பக்கத்து ஊர்ல இருந்தா என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போறவன், பாவம், தூரம்" என்றார். அவள் அவரைத்தான் நம்புகிறாள். எதற்கு இப்படிப் பைத்தியக்காரத்தனமாகப் பொய் சொல்கிறீர்கள் என்று என்னைக் கேட்கிறாள். அவளே அவருக்குப் பொத்தான் போட்டுவிடுகிறாள். என்னைத் தொட விடமாட்டேன் என்கிறார்.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்றால், இங்கே மாற்றல் வந்தபோது ஒரு மாதம் கழித்துச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அந்த ஒரு மாதம் நிம்மதியாக இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்புறம் அப்படியே பழகிவிட்டது. அவ்வளவுதான் காரணம். பெரிதாக வேறு எதுவும் இல்லை.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை அக்கா, மூளை கலங்கிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. நீ சொன்னால் நம்புவார். 'இதுதான் தம்பி வீடு' என்று உன் கையால் ஒரே ஒரு வரி எழுது. இல்லையென்றால் நீயே வந்து கூட்டிக்கொண்டு போய்விடு. அக்காவுக்கு போன் போட்டுத் தரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று கையை ஆட்டுகிறார். வந்த நாளிலிருந்து உன்னைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

தம்பி


செப்டம்பர் 6

தம்பி,

நீ கேட்ட அந்த ஒரு வரியை எழுத மாட்டேன். எழுதினாலும் பிரயோஜனமில்லை.

அப்பாவுக்கு மூளை கலங்கவில்லை. நீ சின்னவன், டிப்போவில் அவரைப் பார்த்ததில்லை. நான் சாப்பாடு கொண்டுபோவேன், பார்த்திருக்கிறேன். லேட்டாக வந்துவிட்டு, ரோட்டில் பாலம் அடைப்பு, சுற்றி வந்தேன் என்று பொய் சொல்கிற டிரைவரை அவர் பொய்யன் என்று சொல்லவே மாட்டார். "அப்படியா? சரி" என்பார். அடைப்பு என்றால் இனிமேல் சுற்றித்தானே வர வேண்டும் என்று அந்த ஆளின் டூட்டி நேரத்தை அதற்குத் தகுந்த மாதிரி மாற்றிப் போட்டுவிடுவார். அவன் வீட்டுக்குப் போகிற கடைசி பஸ் போய்விடும். நான்கு நாள், ஐந்து நாள் டிப்போ பெஞ்சிலேயே படுத்துக் கிடந்துவிட்டு, பாலம் அடைக்கவில்லை சார் என்று வந்து அழுவான். "நீதானே சொன்னே" என்பார். மாற்றவே மாட்டார். அம்மாகூட ஒரு தடவை ஒரு டிரைவருக்காகப் பரிந்து பேசினாள், அவளோடு ஒரு வாரம் பேசவில்லை.

உன்னை நீ சொன்ன தூரத்திலேயே வைத்திருக்கிறார். அவர் சாகிறவரை நீ அங்கேதான் இருப்பாய்.

உன் கடிதத்தில் எல்லாவற்றையும் படித்தபோது நன்றாக வேண்டும் என்றுதான் இருந்தது. கடைசி வரி வரைக்கும். என்னைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். ஒரு மணி ஐம்பது நிமிடப் பயணத்துக்கு மூன்று வேளைச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவள் யார் என்று அவர் யோசிக்காமலா இருந்திருப்பார்? உன்னை அடிக்க எனக்கு ஒரு கல் வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்தவரை எடுத்து எறிந்துவிட்டேன். ஏர்போர்ட்டில், "நீ தனியா இருந்துக்குவியாம்மா?" என்று கேட்டு என் தலையைத் தடவினார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வந்து கூட்டிக்கொண்டு போ என்கிறாய். உன் கடிதம் வந்த அன்றே டிக்கெட் கடையில் போய் விசாரித்தேன், தினமும் ஒரு விமானம் இருக்கிறது. பெயரைக்கூடக் கொடுத்துவிட்டு, பிறகு வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். நான் வந்து உன் கதவைத் தட்டினால், பக்கத்து நாற்காலியிலிருந்து அவர் நிமிர்ந்து பார்த்து, "யாரும்மா நீங்க?" என்று கேட்பார். உன்னால் அதைத் தினமும் கேட்டுக்கொண்டு இருக்க முடிகிறது. என்னால் ஒரு தடவைகூட முடியாது.

இனி எழுதாதே.

அக்கா